லவ்டேல் லில்லியின் உயரம்

கேத்தியில் ஏறி ஊட்டியில் இறங்குவதற்குள்
ஒரு பெயர் வேண்டியிருந்தது.
போட்டி விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் மட்டும் காலி.
வண்டி நின்ற இடத்தில் பலகை சொன்னது: லவ்டேல்.
அதன் கீழே, கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று.
லில்லியை நானே சேர்த்துக்கொண்டேன்.
குதிகாலுக்கு ஐந்து அங்குலம் தனி.

அதுவரை நான் அருளப்பன்.
அதன் பிறகும் அருளப்பன்தான்,
இரவு இரண்டு மணிக்கு, கேரட் கழுவும் களத்தில்.
மண்ணோடு வரும் மூட்டையை உருளைக்குள் கொட்டினால்
தண்ணீர் அடித்து, ஒன்றோடொன்று உரசி,
மறுபக்கம் பளபளவென்று வந்து விழும்.
மேக்கப்பும் அப்படித்தான், உள்ளிருப்பதை வெளியே எடுக்கும் என்று
ஒரு பேட்டியில் அளந்துவிட்டேன்.
பொய்.
மேக்கப் எதையும் கழுவுவதில்லை.
புருவத்தைக் கோந்து வைத்துப் படியவைக்க வேண்டும்,
சவரம் விட்டுப்போன நீலத்தை
ஆரஞ்சு பூசி மறைக்க வேண்டும்.
இரண்டு வேலைக்கும் பொதுவாக
அந்த ஆரஞ்சு ஒன்றுதான்.

இடுப்புக்குப் பழைய கார் சீட்டின் ஸ்பாஞ்சு:
வலது மாருதி, இடது அம்பாசிடர்.
நடக்கும்போது கொஞ்சம் அம்பாசிடர் பக்கம் சாய்வேன்.
அதை ஸ்டைல் என்றார்கள்.

பெங்களூர் மேடையில் முழங்கைவரை கையுறை.
'பழைய காலத்து நளினம்' என்று எழுதினார் நடுவர்.
உள்ளே, உறைபனி நாட்களின் தண்ணீரில்
வெடித்த பத்து விரல்.
இரண்டாம் பரிசு. தோளில் போட்ட பட்டையில்
'லவ்டெல்' என்று ஒரு சுழியைத் தின்றிருந்தார்கள்.
கொச்சியில் முதல் பரிசு.
கிரீடத்தில் பதினேழு கல்.
பர்லியார் வளைவுகளில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கியதில்
பதினாறு.

அப்புறம் டிவி. மாதம் இரண்டு முறை சென்னை.
என் பெயர் திரையில் வராது,
'பொண்டாட்டி' என்று வரும்.
துடைப்பத்தால் அடிப்பார்கள், நான் விழ வேண்டும்.
கடைசியில் நாயகன் விக்கைப் பிடுங்குவான்.
கிராப்புத் தலையோடு நான் விழிக்கிற அந்த நொடிக்குச்
சிரிப்பை முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்தார்கள்.

பதினோரு தடவை பிடுங்கக் கொடுத்தேன்.
ஒரு தடவைக்கான கூலி, களத்தில் நாற்பது இரவு.

பன்னிரண்டாவதுக்கு
நாற்பத்தெட்டு ஊசி குத்தி, நெற்றியோரம் பசை தடவிப் போனேன்.
இழுத்தான். வரவில்லை.
மறுபடி இழுத்தான். என் கழுத்துதான் வந்தது.
"ஆசையா இழுக்கிறீங்க,
அதை வீட்டுல வச்சிக்கக் கூடாதா?" என்றேன்
வசனத்தில் இல்லாததை.
பதிவு செய்த சிரிப்புக்கு முந்தி
லைட் பிடிக்கும் பையன் ஒருவன் சிரித்துவிட்டான்.
அவன் சிரிப்பை வெட்டாமல் ஒளிபரப்பினார்கள்.
என்னை வெட்டிவிட்டார்கள்.

பிளம்ஸ் காலம் தொடங்கியிருந்தது.
ஸ்டேஷன் வாசலில் கூடை வைத்திருக்கும் பிலோமி கூப்பிட்டாள்.
"உங்க அக்காவ டிவில பாத்தேன், அதே மூக்கு.
உன்னவிட ஒரு சாண் ஒசரம், என்ன?"
ஐந்து அங்குலம் என்று வாய்வரை வந்தது.
"இப்பல்லாம் ஏன் வர்றதில்ல?"
"சண்டை போட்டுக்கிட்டு வந்துட்டா."
"நல்லா போட்டா" என்றாள்.
சொல்லும்போது அவள் பார்த்தது
என் புருவத்தில் காய்ந்திருந்த கோந்தை.
அரைக்கிலோ நிறுத்துக் காகிதத்தில் சுற்றினாள்.
"அக்காவுக்குக் குடு. காசு வேணாம்."

வழியிலேயே ஆறு தின்றுவிட்டேன்.
மீதியைச் சனிக்கிழமை, குன்னூர் மண்டபத்துப் பின்னறையில்,
கையுறை மாட்டுவதற்கு முன்
லில்லி தின்றாள்,
உதட்டுச் சாயம் படாமல், பல்லால் மட்டும்.
கொட்டைகளை
ஆணியில் தொங்கிய என் சட்டைப்பையில் போட்டுவிட்டு
எழுந்து நின்றாள்,
நிலைவாசலுக்குத் தலை குனிந்து.